விரல்களைப் பார்த்தவள்

"டீச்சர், விரலுக்குக் கண் இருக்குதா?" என்று ஒரு குழந்தை என்னிடம் கேட்டாள். பதினாறு வருஷம் ஆகிறது.

அவள் பெயர் சங்கீதா. அப்போது ஆறு வயது. அவளுடைய அண்ணன் குமரன் ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் என்னிடம் டைப்ரைட்டிங் கற்க வருவான். வீட்டில் அப்பாவும் அம்மாவும் தறியில் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் தங்கையையும் கேரியரில் வைத்துக்கொண்டு வந்துவிடுவான். அவள் சுவரோரமாக ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். மாணவர்கள் குனிந்து எழுத்தைத் தேடக் கூடாது என்று நான் அவர்கள் கைகளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவேன். துணிக்கு அடியில் விரல்கள் சரியான எழுத்தைக் கண்டுபிடிப்பதைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"இருக்கு. பழகப் பழகத் திறக்கும்" என்று சொன்னேன். அவள் தன் பத்து விரல்களையும் முகத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா, நீங்கள் சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் குற்றங்களுக்கென்று தனியாகப் படித்தவர் என்று சொன்னீர்கள். அந்தப் படிப்பில் விரல்களைப் பற்றி ஒன்றும் இருக்காது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன். காபியைக் குடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸுபத்ரா. ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி, இதே அறையில் பதினெட்டு வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தேன். டைப்ரைட்டிங் டீச்சர் காகிதத்தைப் பார்க்க மாட்டாள். காகிதத்தில் தெரிவது முடிந்துபோன தப்பு. விரலில் தெரிவது நடக்கப்போகிற தப்பு. எந்த விரல் எங்கே நகர்கிறது என்று பார்த்தே, பையன் என்ன வார்த்தை அடிக்கிறான், எந்த எழுத்தில் தடுமாறப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். எதிரே உட்கார்ந்திருந்தாலும் தெரியும்.

இரண்டாயிரத்தில் டைப்ரைட்டிங்குக்கு ஆள் வரவில்லை. ஒன்பது மெஷின்களையும் எடைக்குப் போட்டுவிட்டு மூன்று கம்ப்யூட்டர் வாங்கி, பிளைவுட் தடுப்பு வைத்து, பிரௌசிங் சென்டர் ஆக்கினேன். மாணவர்கள் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். பரீட்சை முடிவு வரும் நாளில் பிள்ளைகளுக்கு மார்க்கை அச்சிட்டுக் கொடுத்துப் பணம் வாங்க மாட்டேன். இங்கிலீஷ் வராதவர்களுக்கு மெயில் எழுதிக் கொடுப்பேன். வெயிலில் வருகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் மெஷினை ஆன் செய்வேன். சின்னச் சின்ன உதவிகளில்தான் மனுஷ ஜன்மம் நிற்கிறது என்று நம்புகிறவள் நான். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ரிஜிஸ்டரும் ஒழுங்காக வைத்திருந்தேன். பெயர், மெஷின் நம்பர், வந்த நேரம், போன நேரம். அதில் ஒருநாளும் பொய் எழுதியதில்லை.

எல்லோரும் பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையைத்தான் மறைப்பார்கள். திரையில் வெறும் புள்ளிகள்தான் வரும் என்று அவர்களுக்கும் தெரியும், இருந்தாலும் மறைப்பார்கள். விரல்களை யாரும் மறைத்ததில்லை. அதுவும் என்னிடமே விரல் பழகியவர்கள். ஒரு வருஷத்துக்குள் நாற்பது பேருடைய பாஸ்வேர்ட் எனக்குத் தெரிந்திருந்தது. நான் தேடிப் போய்த் தெரிந்துகொள்ளவில்லை. தெருவில் நடக்கும்போது யாரோ பேசுவது காதில் விழுகிறதே, அதுபோல. பிறத்தியார் வீட்டுச் சாவி கையில் இருந்தால் உள்ளே போய்விடுவோமா. நானும் போனதில்லை.

குமரன் இரண்டாயிரத்தொன்றில் இன்டர்நெட்டில் பட்டுப் புடவை விற்க ஆரம்பித்தான். அவர்கள் பரம்பரையாக நெய்கிறவர்கள். நான்கு தறி இருந்தது. கடைக்காரர்களுக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும், அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு நேரே விற்றால் என்ன கிடைக்கும் என்று அவன் யோசித்ததில் தப்பில்லை. போட்டோ எடுத்து வந்து இங்கே உட்கார்ந்துதான் போட்டான், மெயிலும் இங்கேதான் பார்த்தான். ஆர்டர் வந்தது. வந்த கடிதங்களுக்குப் பதில் எழுத இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டான். நான் வரலக்ஷ்மியை அனுப்பினேன்.

வரலக்ஷ்மி என் அண்ணா பெண். அண்ணாவும் மன்னியும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். ஏழு வயதிலிருந்து நான்தான் வளர்த்தேன். இரண்டாயிரத்திரண்டில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. திருவள்ளூரில் ஒரு நல்ல இடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது.

அப்போது வாங்குகிறவர்கள் தங்கள் கிரெடிட் கார்டு நம்பரை அப்படியே மெயிலில் எழுதி அனுப்புவார்கள். குமரன் அதை வைத்துப் பணத்தை எடுத்துக்கொள்வான். எடுத்த பிறகும் அந்த மெயில்களை அழிக்க மாட்டான். இருநூறு பேருடைய நம்பர், காலாவதி தேதி, வீட்டு விலாசம், எல்லாம் ஒரே பெட்டியில் கிடந்தது. வரலக்ஷ்மி அவனிடம் இரண்டு முறை சொன்னாள். நானும் ஒருமுறை சொன்னேன்.

"அழிச்சுடு குமரா. அது அவா வீட்டுப் பீரோ சாவி."

"இன்னா டீச்சர் நீங்க. மறுபடி வாங்க வந்தாங்கன்னா திரும்பவும் நம்பர் கேட்டுக்கினு இருக்கணும். அவங்களுக்கே பேஜாரா இருக்கும். யார் வந்து பாக்கப் போறா இங்க."

யாரோ பார்த்தார்கள். ஏப்ரல் மாதம் முப்பத்தாறு கார்டுகளில் யாரோ பொருள் வாங்கியிருந்தார்கள். நியூஜெர்ஸியில் ஒரு டாக்டரம்மாவின் கார்டில் மட்டும் நான்கு லட்ச ரூபாய்க்கு. அந்த முப்பத்தாறு பேருக்கும் பொதுவாக இருந்தது குமரனிடம் புடவை வாங்கியது ஒன்றுதான். புகார் பாங்க் வழியாகச் சுற்றிச் சுற்றி இந்த ஊர் ஸ்டேஷனுக்கு வந்தது. சட்டம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எந்தப் பிரிவில் எழுதுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை. குமரனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் சொன்னான்: "பாஸ்வேர்டு எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் மட்டும்தான் சார் தெரியும். நான் எடுக்கல."

அவ்வளவுதான் அவன் சொன்னது. அவள் எடுத்தாள் என்று சொல்லவில்லை. மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

மூன்று நாள் வரலக்ஷ்மி காலையில் ஸ்டேஷனுக்குப் போய் மாலையில் வந்தாள். அடிக்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்கள். அதே கேள்வியை நாற்பது தடவை கேட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு பேப்பரில் "ஆன்லைன் மோசடி: இளம்பெண்ணிடம் விசாரணை" என்று அவள் பெயரையும் போட்டு வந்தது. நான்காம் நாள் திருவள்ளூரிலிருந்து போன். ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்றார்கள்.

பிறகு கேஸ் நிற்கவில்லை. ஆதாரம் கிடைக்கவில்லை. அவளை விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்று எந்தப் பேப்பரும் போடவில்லை. ஒரு மாதம் கழித்து அவள் ஒரு சூட்கேஸோடு புனேவுக்கு ஒரு சிநேகிதி அறைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டில் தயிர்சாதப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன். "அத்தை, நீயாவது நம்பறயா?" என்று கேட்டாள். "நம்பறேன்" என்றேன். என்னைவிட அதை நம்பக்கூடியவர் யாரும் இல்லை.

அன்று கோவிலுக்குப் போனேன். பெருந்தேவித் தாயார் சன்னிதியில் நின்று, குமரனுக்கு இது புரியும்படி செய்யம்மா என்று வேண்டிக்கொண்டேன். அழிய வேண்டும் என்று வேண்டவில்லை. புரிய வேண்டும் என்றுதான். பழிவாங்குவது என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது. ஆனாலும் காலையில் எழுந்ததும் முதலில் அவன் சொன்ன அந்த வாக்கியம்தான் நினைவுக்கு வரும். பல் தேய்க்கும்போது வரும். துளசிக்குத் தண்ணீர் விடும்போது வரும். பாஸ்வேர்டு எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த வாக்கியத்தை அவன் இன்னொரு தடவை, தன் வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை வளர்ந்தது. நான் அதற்குத் தண்ணீர் விடவில்லை, தானாகவே வளர்ந்தது.

குமரன் ஒருமுறை பழத் தட்டோடு வந்து மன்னிப்புக் கேட்டான். "பயந்துட்டேன் டீச்சர். சார் மேசையத் தட்டிக் கேட்டாரு, வாயில வந்தத சொல்லிட்டேன். தங்கச்சி மாதிரி பொண்ணு அது." பரவாயில்லை என்று சொல்லிப் பழத்தை வாங்கிக்கொண்டேன். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை என் மனதில் நின்றது.

சங்கீதா பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அடுத்த வருஷம் அவளுக்கு நிச்சயம் ஆயிற்று. பையன் பெயர் அர்ஜுனன். ஆரணிப் பக்கம். மஸ்கட்டில் ஏர்கண்டிஷன் வேலை. கல்யாணம் ஐப்பசியில். நிச்சயம் ஆன பையனோடு மெயிலில் பேச அவள் வாரம் இரண்டு நாள் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து இங்கே வந்தாள். செவிலிமேட்டிலும் சென்டர் இருந்தது. அங்கெல்லாம் பையன்கள் எட்டிப் பார்ப்பார்கள், உங்ககிட்ட பயம் இல்ல டீச்சர் என்றாள். வரும்போது கதம்பம் வாங்கி வந்து கம்ப்யூட்டருக்கு மேலே இருக்கிற பெருமாள் படத்துக்குப் போடுவாள். அவர்கள் வீட்டில் முருகனைத்தான் கும்பிடுவார்கள். எனக்காகச் செய்தாள்.

"உங்க சாமி கோச்சுக்காதா நான் போட்டா?"

"அவருக்கு யார் போட்டாலும் சந்தோஷம்தான்."

"எங்க வூட்டு சாமிதான் கோச்சுக்கினு மலைமேல ஏறிடும்" என்று சிரிப்பாள்.

மெயில் கணக்கை அவளுக்குத் திறந்து கொடுத்ததே நான்தான். பாஸ்வேர்ட் போடும்போது மட்டும், "டீச்சர், திரும்பிக்குங்க" என்றாள். திரும்பிக்கொண்டேன். எதிர்ச் சுவரில் கண்ணாடி இருந்தது. எட்டு எழுத்து. இடது மோதிர விரலில் தொடங்கி இடது சுண்டு விரலில் முடிந்தது. அது என் பெயர்.

அது எனக்குச் சங்கடமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

இரண்டாயிரத்து மூன்று, செப்டம்பர். புதன்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் இங்கே யாரும் வர மாட்டார்கள். கதவைச் சாத்தக்கூட இல்லை, ஒருக்களித்துத்தான் வைத்தேன். மூன்றாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தேன். அவளுடைய பழைய மெயில்கள் முழுவதையும் படித்தேன். படிக்காமல் எழுதினால் அவள் எழுதியது போல வராது. அவள் அர்ஜுனனை "என்னங்க" என்றுதான் தொடங்குவாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள். வலது சுண்டு விரல் பலமில்லாததால் ஒரு குறிப்பிட்ட எழுத்து அடிக்கடி விழாது. ஆறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த விரல். நானும் அந்த எழுத்தைச் சில இடங்களில் விட்டேன்.

பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. ஆபாசமாக எழுதுவது என் பழக்கமில்லை. "என்னங்க, உங்களை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. எனக்கு வேறொருவரோடு பழக்கம் இருந்தது. இரண்டு மாதம் முன்னால் வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போய் அதைச் சரிசெய்தோம். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் தெரியும். மறைத்துக் கல்யாணம் செய்கிறார்கள். நீங்கள் நல்லவர். என்னை விட்டுவிடுங்கள்." ஏழு வரி. அனுப்பிவிட்டு, அனுப்பிய பெட்டியில் அது இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. எழுந்து ரிஜிஸ்டரில் எழுதினேன்: ஸுபத்ரா, மெஷின் மூன்று, ஒன்று பத்து முதல் ஒன்று ஐம்பது வரை.

அந்தப் பக்கம் அங்கேதான் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை குமரன் வந்தான். கூடவே சங்கீதா. அவர்களுடைய அம்மா அம்சவேணியும். ஆரணிக்காரர்கள் வீட்டுக்கே வந்து, மெயிலை அச்சடித்த காகிதத்தைத் தெருவில் நாலு பேர் முன்னால் வாசித்துக் காட்டி, தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சங்கீதா தான் எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அதனால் அவளுடைய மெயிலைத் திறந்து பார்க்க மூன்று பேரும் வந்தார்கள். நான் மூன்று பேருக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

சங்கீதா பாஸ்வேர்டை அடித்தாள். அனுப்பிய பெட்டியில் அந்த மெயில் இருந்தது. அவளுடைய பெயர், அவளுடைய விலாசம், அவள் விடுகிற எழுத்துகூட விட்டிருந்தது. குமரன் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினான்.

"பாஸ்வேர்டு யாருக்குச் சொன்ன?"

"யாருக்கும் சொல்லலண்ணா."

"யோசிச்சு சொல்லு. யாருக்குனா சொன்னியா? சினேகிதிங்க யாருக்குனா?"

"சத்தியமா இல்லண்ணா. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப வேற யாரு வந்து தட்டிட்டுப் போனாங்க? உனுக்கு மட்டும்தான் தெரியும்ன்ற. உன் பேர்ல இருக்குது. நீ தட்டல. அப்ப யாரு, முருகன் வந்து தட்னாரா?"

இன்ஸ்பெக்டரம்மா, நான் காத்திருந்த வாக்கியம் அதுதான். கொஞ்சம் வேறு மாதிரி வந்தது, ஆனால் அதுதான். பதினேழு மாதம் காத்திருந்தேன். வெயிலில் நடந்து வந்து நீர்மோர் குடித்தது போல இருந்தது. மறைப்பதற்கில்லை.

சங்கீதா என்னைப் பார்த்தாள். "டீச்சர், நீங்க சொல்லுங்க. புதன்கிழமை நான் வந்தேனா? நீங்க நோட்ல எழுதுவீங்கல்ல, அதப் பாத்து சொல்லுங்க டீச்சர்."

அவள் புத்திசாலி. அதை நான் எப்போதும் சொல்வேன். அவர்கள் ரிஜிஸ்டரைக் கேட்டால் காட்டிவிடுவது என்று முடிவோடுதான் இருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே கிடையாது. எழுந்து ரிஜிஸ்டரை எடுத்தேன். மேஜைமேல் வைத்தேன்.

குமரன் கையால் தள்ளிவிட்டான். "அதெல்லாம் எதுக்கு டீச்சர். ஊர்ல இதுமாதிரி சென்டரு ஏழு இருக்குது. எங்கனா போய் தட்டிக்கினு வந்திருப்பா. நீங்க உள்ள வெச்சிடுங்க."

நான் உள்ளே வைத்துவிட்டேன். அவன்தான் பார்க்கவில்லை. இதை நீங்கள் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்: காட்டினேன், அவன் பார்க்கவில்லை.

அம்சவேணி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது மகளிடம், "உண்மைய சொல்லிடும்மா, அம்மா எதுனா பண்றேன்" என்றார். அதைக் கேட்டதும் சங்கீதா பேசுவதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு யாரிடமும் பேசவில்லை என்று பின்னால் தெரிந்தது. வியாழக்கிழமை காலையில் அவளைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை ஐயம்பேட்டையில் ஒரு வயல் கிணற்றில் கிடைத்தாள்.

அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. வரலக்ஷ்மி போல ஒரு சூட்கேஸை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போவாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு மனத்திடம் போதவில்லை. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்னிடம்தான் டைப் செய்ய வந்தது. ஒரு தப்பு இல்லாமல் செய்து கொடுத்தேன். பணம் வாங்கவில்லை. பதினாறு நாளும் அம்சவேணிக்கு ஒருவேளை ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். "டீச்சர் கையால தின்னாதான் எறங்குது" என்பார். இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். குமரன் புடவை விற்பதை விட்டுவிட்டான். தறிகளைக் கொடுத்துவிட்டான். கம்ப்யூட்டரைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

வரலக்ஷ்மியைப் பற்றிக் கேட்டீர்கள். நன்றாக இருக்கிறாள். புனேயில் நல்ல வேலை. கூட வேலை செய்கிற பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். அது நான் அந்த மெயிலை அனுப்புவதற்கு ஏழு மாதம் முன்னால். நான்தான் முன்னால் நின்று நடத்திவைத்தேன். "விடு அத்தை, குமரன் அண்ணா பயந்துட்டார், அவ்வளவுதானே" என்று அவளே சொன்னாள். அவள் நல்ல பெண், மறந்துவிட்டாள். அவள் மறந்துவிட்டதால் நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா. யாராவது ஒருவர் நினைவு வைத்திருக்க வேண்டும்.

இனி நீங்கள் எதற்காக வந்தீர்களோ அதற்கு வருகிறேன். நீங்கள் சங்கீதாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்தப் பெயரே உங்களுக்குத் தெரியாது என்று வந்தவுடனேயே புரிந்தது. நீங்கள் கேட்டது வசிஷ்டைப் பற்றி. பெங்களூரில் வேறு ஏதோ கார்டு மோசடியில் பிடிபட்டவன், பழைய காஞ்சிபுரம் விஷயத்தையும் ஒப்புக்கொண்டு, குமரனின் பாஸ்வேர்டை டைப்ரைட்டிங் மாமிதான் கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறான். உண்மையா என்று கேட்டீர்கள்.

உண்மைதான். வசிஷ்ட் எங்கள் தெருப் பையன். நல்ல குடும்பம். தாத்தா கோவிலில் பிரபந்தம் சேவிப்பவர். என்னிடம்தான் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் செய்தான். இரண்டாயிரத்திரண்டில் பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வந்தவன், நெற்றியில் திருமண்ணோடு வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்தான். குமரனுடைய வெப்சைட்டைத் தான்தான் சரிசெய்துகொண்டிருப்பதாகவும், குமரன் நூல் வாங்க சேலம் போயிருப்பதாகவும், மெயிலைத் திறக்க முடியாமல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆர்டர் நிற்பதாகவும் சொன்னான். "மாமி, உங்களுக்குத் தெரியாத விரலா இந்த ஊர்ல? அந்தக் காலத்திலேயே துணியப் போட்டு மூடினாலும் நாங்க என்ன அடிக்கறோம்னு சொல்லிடுவேளே. அந்த வித்தை வேற யாருக்கு வரும்" என்றான்.

பதினெட்டு வருஷம் நான் செய்த வேலையில் அப்படி ஒரு வித்தை இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அவன் ஒருவன்தான் கவனித்திருந்தான். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவசரத்தில் இருக்கிற பையனுக்கு ஒரு சின்ன உதவி. அவன் என்னைச் சேவித்துவிட்டுப் போனான்.

வரலக்ஷ்மியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்ட அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் திரும்பி வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால், ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய சாவியும் என் கையில் இருக்கிறது என்று ஆகிவிடும். பிறகு யார் என்னிடம் வருவார்கள். பிள்ளைகளுக்கு மார்க் அச்சிட்டுக் கொடுப்பது யார், கடிதம் எழுதிக் கொடுப்பது யார். ஒரு ஆளின் நிம்மதியா, நூறு பேருக்கு உதவியா என்று பார்த்தால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்று நாளும் அவளுக்குப் பிடித்த சேவையும் மோர்க்குழம்பும் செய்து வைத்தேன்.

நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். இதனால்தான் சங்கீதாவைப் பற்றி நானாகவே முதலில் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால், பெற்ற பெண் போல வளர்த்தவளை மாட்டிவிட்டுவிட்டுச் சும்மா இருந்தவள் என்று என்னைப் பற்றி எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள். நான் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

வரலக்ஷ்மிக்கு நான் பட்ட கடன் ஒன்று இருந்தது. அவளுக்கே அது தெரியாது. அந்தப் புதன்கிழமை மத்தியானம், இந்த அறையில் யாரும் இல்லாத நேரத்தில், சங்கீதாவைக் கொண்டு அதை அடைத்தேன். பெருமாள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் சரி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.